24 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு முதல் நாள்



இன்று புதிய வேலையைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். படித்து முடித்த பிள்ளை முதல் வேலைக்குப் போவது நம் வீடுகளில் கொண்டாட்டம். திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்கிறோம், இனிப்பு வாங்கி அக்கம்பக்கத்தில் கொடுக்கிறோம். நான் சொல்ல வந்தது வேறு ஒரு கூட்டத்தாரைப் பற்றி. ஒரே கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டு, 45 வயதிலும் 50 வயதிலும் வேறொரு கம்பெனியின் வாசலில் புது ஆளாய்ப் போய் நிற்கிறவர்கள். இவர்களுக்காக யாரும் இனிப்பு வாங்குவதில்லை. "வேலை கிடைச்சிருச்சா, அப்பாடா!" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். வேலை கிடைத்ததும் கஷ்டம் தீர்ந்தது என்பது நம் எண்ணம். அவர்களைக் கேட்டால், அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்பார்கள்.

எங்கள் பங்கில் ஒருவர். பெயர் வேண்டாம், கம்பெனியின் பெயரும் வேண்டாம். உண்மையைச் சொன்னால், மூன்று நான்கு பேர் என்னிடம் பகிர்ந்துகொண்டதை, அவர்கள் சம்மதத்தோடு, ஒரே ஆள்மேல் ஏற்றிச் சொல்கிறேன். ஆகவே பூசை முடிந்ததும் "அது நீங்கதானே?" என்று யாரையும் போய்க் கேட்காதீர்கள்.

ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர். 22 வயதில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தார். 24 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். பிறகு கம்பெனி தன் உற்பத்தியை வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டது. செட்டில்மென்ட் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம் அலைந்த பிறகு, வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பு வாங்கியதில் முக்கால்வாசி.

முதல் நாள் வாசலில் செக்யூரிட்டி நிறுத்திப் பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதச் சொல்லியிருக்கிறார். ஐ.டி. கார்டு வர ஒரு வாரம் ஆகும் என்று கழுத்தில் தற்காலிகப் பாஸ் மாட்டினார்கள். இருபது இருபத்தொரு வயதுப் பையன்களோடு ஒரு ஹாலில் உட்காரவைத்துப் பாதுகாப்புப் படம் போட்டுக் காட்டினார்கள். மத்தியானம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல் கேன்டீனில் நின்றிருக்கிறார். அவர் என்னிடம் சொன்ன வார்த்தை இது: "ஃபாதர், பழைய எடத்துல டீ ஊத்துற அண்ணன் என்னைப் பார்த்ததும் சர்க்கரை கம்மியா ஒரு கிளாஸ் தனியா எடுத்து வைப்பாரு. இங்க நான் யாருன்னு கேக்கக்கூட ஆளில்ல."

சின்ன விஷயம்தான். ஆனால் 24 வருடம் என்பது இப்படிப்பட்ட சின்ன விஷயங்களால் கட்டிய வீடு.

இரண்டாவது மாதம் அவர் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். காரணம், ஒரு நாள் இரவு ஷிஃப்டில் ஒரு மெஷின் நின்றுபோனது. சத்தத்தைக் கேட்டதும் பேரிங் போயிருக்கிறது என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மாற்று பேரிங் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. மின்சாரத்தைத் துண்டிக்க யாரிடம் பெர்மிட் வாங்க வேண்டும், கம்ப்யூட்டரில் பழுதை எப்படிப் பதிய வேண்டும், ஸ்டோர் சாவி இரவில் யாரிடம் இருக்கும், ஒன்றும் தெரியாது. அவர் விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில் 26 வயதுப் பையன் ஒருவன் வந்து, இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து மெஷினை ஓடவைத்துவிட்டான். "அண்ணே, நீங்க புதுசு, பரவால்ல" என்றும் சொல்லியிருக்கிறான். பையன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் இவரை அதிகம் சுட்டது. விடியற்காலையில் வீட்டுக்கு வந்து மனைவியிடம், "எனக்கு வேலையே மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அந்த மனைவிதான் என்னிடம் வந்தார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. "சாயங்காலம் வண்டியை எடுத்துட்டுப் போறார் ஃபாதர், எங்கே போறார்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

நேயர்களே, இவருக்கு வேலை மறந்ததா? அதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் நெடுநாள் வேலை செய்கிறவரிடம் இரண்டு வகை அறிவு சேர்ந்திருக்கிறது. ஒன்று கைத்தொழில் அறிவு. சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பது, எவ்வளவு இறுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருப்பது. மற்றது இடத்தைப் பற்றிய அறிவு. எந்தச் சாவி எங்கே தொங்குகிறது, எந்த அதிகாரியிடம் காலையில் பேசக் கூடாது, எந்த மெஷினுக்கு எந்த வருடம் என்ன ஆனது என்பதெல்லாம் அதில் அடக்கம். ஒரே கம்பெனியில் இருக்கும்வரை இரண்டும் பாலும் நீருமாய்க் கலந்திருப்பதால் எது எது என்று நமக்கே பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. இடம் மாறும்போது முதலாவது நம்மோடு வந்துவிடுகிறது. இரண்டாவது பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. அன்று இரவு இவரிடம் குறைவாக இருந்தது இரண்டாவது அறிவுதான். பேரிங் என்று அவர் சொன்னது சரிதானே? சத்தத்தை மட்டும் கேட்டு அதைச் சொல்ல அந்தப் பையனுக்கு இன்னும் பத்து வருடம் ஆகும். அலமாரி எங்கே இருக்கிறது என்பதை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நல்ல வேலைக்காரர்கள் மனம் உடைந்துபோகிறார்கள். ஒன்றைத் தொலைத்துவிட்டு இரண்டையும் தொலைத்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

குருக்களாகிய எங்களுக்கு இது கொஞ்சம் பழக்கம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயரிடமிருந்து மாற்றல் கடிதம் வரும். பெட்டியைக் கட்டிக்கொண்டு புதுப் பங்குக்குப் போவோம். திருப்பலி நிறைவேற்ற எனக்குத் தெரியும். ஆனால் புதுப் பங்கில் நற்கருணைப் பேழையின் சாவி எங்கே இருக்கிறது, மழை பெய்தால் கோவிலில் எந்தப் பக்கம் ஒழுகும், திருவிழாக் கொடியை எந்தத் தெருவார் முதலில் தொட வேண்டும் என்பதெல்லாம் உபதேசியாருக்குத்தான் தெரியும். முதல் மூன்று மாதம் அவர்தான் உண்மையான பங்குத்தந்தை. நான் அவர் பின்னால் நடப்பேன். எங்களுக்கு ஒரு வசதி உண்டு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கி போட்டிருப்பதால் போன இடத்தில் முதல் நாளே "வாங்க ஃபாதர்" என்று நாற்காலி போடுகிறார்கள். ஃபிட்டருக்கு யார் நாற்காலி போடுகிறார்கள்?

இது அவர் ஒருவரின் கதை என்று நினைக்க வேண்டாம். சென்னைப் பக்கம் வாழ்கிற நமக்கு இது புதிதே அல்ல. பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்புப் பக்கம் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லை நம்பித் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்தன. தாத்தா, அப்பா, மகன் என்று மூவரும் அதே மில் சங்குக்கு எழுந்த வீடுகள் உண்டு. 1996இல் அது மூடப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது, அடுத்த ஆண்டு கடைசிக் காரும் வெளியே வந்தது. இவற்றைச் செய்தித்தாளில் படிக்கும்போது எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஏக்கர் நிலம் என்றுதான் படிக்கிறோம். அந்த வாசலிலிருந்து வெளியே வந்து இன்னொரு வாசலுக்குள் நுழைந்தவரின் முதல் மூன்று மாதத்தை எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லை.

திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது? திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 செப்டம்பர் 14 அன்று மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். உழைப்பாளர் நிலை குறித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் எழுதிய சுற்றுமடலின் 90ஆம் ஆண்டு நினைவாக, மே மாதமே வெளியிட ஆயத்தமாய் இருந்தது. மே 13ஆம் தேதி புனித பேதுரு சதுக்கத்தில் அவர் சுடப்பட்டார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகுதான் அதை இறுதியாகத் திருத்தி முடிக்க முடிந்தது. இந்தத் திருத்தந்தை உழைப்பைப் புத்தகத்தில் மட்டும் படித்தவரல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இளைஞராயிருந்தபோது, கிராக்கோவில் கல் குவாரியிலும், பிறகு சோல்வே இரசாயன ஆலையிலும் கூலித் தொழிலாளியாய் இருந்தவர். வெடித்துச் சிதறிய கல்லைச் சுமந்த கை அது.

அந்தச் சுற்றுமடலின் நடுநாயகமான கருத்தை எளிய தமிழில் சொல்கிறேன். உழைப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. செய்யப்படும் பொருள், பயன்படும் கருவி, தொழில்நுட்பம் இவை ஒரு பக்கம். அதைச் செய்கிற மனிதர் மறு பக்கம். ஒரு வேலையின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அது என்ன வேலை என்பதிலிருந்து முதலில் வருவதில்லை. அதைச் செய்கிறவர் ஒரு மனிதர், கடவுளின் சாயல் என்பதிலிருந்து வருகிறது. வேலை மனிதருக்காக இருக்கிறது, மனிதர் வேலைக்காக இல்லை.

குருமடத்தில் இதைப் படித்தபோது அழகான தத்துவமாகத் தெரிந்தது. கழுத்தில் தற்காலிகப் பாஸோடு நிற்கிற 46 வயதுக்காரருக்கு இது தத்துவமே அல்ல, அன்றாட விஷயம். பழைய கம்பெனி அவருக்கு எண் கொடுத்தது, பதவி கொடுத்தது, தீபாவளி போனஸ் கொடுத்தது. ஆள் என்கிற மதிப்பை அது கொடுக்கவில்லை. ஆகவே அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் அதனால் முடியாது. அவரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "நீங்க சொல்றது சரிதான் ஃபாதர், ஆனா மனசு கேக்கல" என்றார். மனசு உடனே கேட்காதுதான். இருபத்து நான்கு வருடம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து வளர்ந்த மரம் அல்லவா!

இப்போது விவிலியத்துக்கு வருவோம். எண்ணிக்கை நூல் 11ஆம் அதிகாரம். எகிப்திலிருந்து வெளியே வந்த மக்கள் பாலைநிலத்தில் தினமும் மன்னாவைத் தின்று சலித்துப்போய் அழுகிறார்கள். எதை நினைத்து? மீன், வெள்ளரிக்காய், தர்பூசணி, கீரை, வெங்காயம், பூண்டு. பட்டியலைப் பாருங்கள், மளிகைக் கடைச் சீட்டு மாதிரியே இருக்கிறது. செங்கல் அறுத்துக் காய்த்துப்போன கை அதில் இல்லை. முதுகில் விழுந்த அடி இல்லை. நைல் நதியில் எறியப்பட்ட ஆண் குழந்தைகள் இல்லை.

இந்தப் பகுதியை வைத்துக்கொண்டு, பழையதை நினைத்து ஏங்குகிறவர்களைக் கடிந்துகொள்கிற பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நம் ஆளுடைய பழைய கம்பெனி எகிப்து அல்ல. அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீடு கட்டினார், தங்கைக்குத் திருமணம் செய்தார், மகளின் புதுநன்மைக்கு விருந்து வைத்தார். அதை நினைத்துக் கண் கலங்கினால் அது நன்றியுணர்வு, பாவம் அல்ல. ஆனாலும் அந்த மளிகைச் சீட்டு ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிறது. நினைவு எல்லாவற்றையும் எடுத்து வருவதில்லை, தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுத்து வருகிறது. இதே மனிதர் ஐந்து வருடத்துக்கு முன்பு கோவில் மைதானத்தில் என்னோடு நடக்கும்போது அந்தக் கம்பெனியைத் திட்டாத நாள் கிடையாது. ஃபோர்மேன் சரியில்லை, கேன்டீன் சாம்பார் சரியில்லை, வருடா வருடம் யூனியன் பேச்சுவார்த்தை இழுத்தடிக்கிறது. அந்தச் சாம்பார்தான் இப்போது அமிர்தமாகிவிட்டது!

இதைச் சொல்லி அவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். "எங்க பழைய கம்பெனியில..." என்று தொடங்குகிற வாக்கியத்தை மூன்று மாதத்துக்கு வாயிலிருந்து விடாதீர்கள் என்றேன். அது எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும் சரி. கேட்கிறவர்கள் காதில் அது யோசனையாக விழாது, "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று விழும். அதற்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள். "இங்க இதை ஏன் இப்படிச் செய்றீங்க?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். பல நேரம் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் இல்லாவிட்டால், கேட்ட கேள்வியே அவர்களை யோசிக்கவைக்கும்.

அதே அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மக்கள் மட்டும் அழவில்லை, மோசேயும் முறையிடுகிறார். இத்தனை பேரையும் என்னால் தனியாகச் சுமக்க முடியவில்லை, இதைவிட என்னைக் கொன்றுபோடும் என்கிற அளவுக்குப் பேசுகிறார். கடவுள் அவரை அதட்டவில்லை. எழுபது மூப்பர்களைக் கூட்டிவரச் சொல்கிறார், சுமையை அவர்களும் சேர்ந்து சுமப்பார்கள் என்கிறார். தைரியமாயிரு என்று முதுகில் தட்டி அனுப்பாமல் ஆட்களைக் கொடுத்தார். இது நம் அன்பியங்களுக்கு. உங்கள் தெருவில் ஒருவர் வேலை இழந்தபோது அவர் வீட்டுக்குப் போய் செபமாலை சொன்னீர்கள், நல்லது. வேலை கிடைத்த பிறகு, இரண்டாவது மாதம், யாராவது போனீர்களா?

புதிய ஏற்பாட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருக்கிறார்கள், அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும். இடம் மாறி வேலை செய்வதைப் பற்றி இவர்களைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது என்று நினைக்கிறேன். அக்கிலா போந்து நாட்டில் பிறந்த யூதர். உரோமையில் தொழில் செய்துகொண்டிருந்தார். யூதர் எல்லாரும் உரோமையை விட்டுப் போக வேண்டும் என்று கிளவுதியு பேரரசர் ஆணையிட்டார். ஒரு தாளில் போட்ட கையெழுத்தால் கடை போனது, வீடு போனது, பழகின வாடிக்கையாளர்கள் போனார்கள். கொரிந்துக்கு வந்தார்கள். கூடாரம் செய்யும் தொழில் மட்டும் கூடவே வந்தது. ஊசியும் கத்தியும் எந்த ஊரிலும் ஊசியும் கத்தியும்தானே! அந்த ஊருக்குப் புதிதாக வந்த இன்னொருவர், பவுல், அதே தொழில் தெரிந்தவர் என்பதால் அவர்களோடு தங்கி வேலை செய்தார் என்று திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. வேலையிடத்துத் தோழமையாகத் தொடங்கிய இந்த உறவு, நற்செய்திப் பணியில் துணையாக வளர்ந்தது. பிறகு எபேசுக்கு மாறினார்கள். பவுல் உரோமையருக்குக் கடிதம் எழுதிய காலத்தில் மறுபடியும் உரோமையில் இருக்கிறார்கள். எத்தனை முதல் நாள் பாருங்கள்.

எபேசில் நடந்த ஒன்றைத்தான் நான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அப்பொல்லோ என்று அலக்சாந்திரியாவிலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். விவிலியத்தில் வல்லவர், ஆர்வமுள்ளவர். ஆனால் திருமுழுக்கு யோவானின் திருமுழுக்கு வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். அனுபவசாலிகளான இந்தத் தம்பதியருக்கு அவர் பேச்சில் இருந்த குறை உடனே புரிந்துவிட்டது. தொழுகைக்கூடத்தில் எழுந்து நின்று திருத்தவில்லை. அவரைத் தங்களோடு அழைத்துப் போய், தெளிவாக எடுத்துச் சொன்னார்கள். அப்பொல்லோவும் கேட்டுக்கொண்டார். அனுபவம் உள்ளவர் புது இடத்தில் எப்படிப் பேச வேண்டும், திறமை உள்ள இளைஞர் எப்படிக் கேட்க வேண்டும், இரண்டும் அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கின்றன. நம் ஃபிட்டருக்கு இது பிடித்துப்போனது. "அப்ப நான் அந்தப் பையன டீக்குக் கூப்பிடணும்" என்றார். கூப்பிட்டார். இவர் சத்தத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க, அவன் கம்ப்யூட்டரில் பதிவதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

பெண்களுக்கு இது இன்னும் கடினம் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் 18 வருடம் செக்கிங் பிரிவில் இருந்த ஒரு சகோதரி இப்போது பெரிய ஜவுளிக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். அங்கே உட்கார்ந்து செய்த வேலை, இங்கே காலை முதல் இரவு வரை நின்றே இருக்க வேண்டும். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தமே நிறைவேற்றியிருக்கிறது. கடை நடத்துகிற நம் பங்கு மக்களும் இருக்கிறீர்கள். ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டீர்களா? இந்தச் சகோதரி புதிய வேலையில் களைத்து வீட்டுக்கு வந்து, பிறகு பழையபடியே சமையலும் செய்ய வேண்டியிருக்கிறது. இடம் மாறிய களைப்பு ஆணுக்கு மட்டும் வருவதல்ல.

வீட்டில் இருப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்கலாம். சம்பளம் குறைந்ததைத் தினமும் நினைவூட்ட வேண்டாம், அவருக்கே அது மனப்பாடம். அதே நேரத்தில் பிள்ளைகளிடம் மறைக்கவும் வேண்டாம். கல்லூரியில் படிக்கிற மகளுக்கு வீட்டுக் கணக்கு தெரியலாம். அந்த வீட்டில் மகளை உட்காரவைத்து மூவருமாகப் பேசியபோது, அவள் ஒன்றுதான் கேட்டாளாம்: "அப்பா, அங்க உங்களோட யாரு சாப்பிடுறாங்க?" அதற்கு அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போகவில்லை என்று மனைவி சொன்னார். எல்லா நாளும் அப்படி இல்லை. குடியைப் பொறுத்தவரை அவர் இன்னும் போராடிக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்காகச் செபியுங்கள்.

இனி ஒரு பணக் கணக்கு. மறையுரையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் இது தெரியாமல் நஷ்டப்பட்டவர்களைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்து விலகுகிறவருக்குப் பணிக்கொடை உண்டு. நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிடுவார்கள். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளம் 26,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 15,000. அப்படியானால் 24 ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். உங்கள் கடிதத்தில் இருக்கிற தொகையை நீங்களே இப்படிச் சரிபார்க்கலாம். பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். யு.ஏ.என். எண் ஒருவருக்கு ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் மாறாது, பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும், புதிய இடத்துச் சேவையும் பழையதோடு கூடும். மொத்தமாகக் கையில் பணம் வந்த வாரத்தில்தான் தூரத்து உறவினர்கள் எல்லாம் நெருங்கிய உறவினர்கள் ஆவார்கள். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்த பிறகு அவர்களோடு பேசுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே அந்த இடத்தில் இருக்கிறவர்களுக்கு. நம் பங்கில் சூப்பர்வைசர்கள் இருக்கிறீர்கள், எச்.ஆர். பிரிவில் இருக்கிறீர்கள், பத்து வருடமாய் ஒரே பிரிவில் கொடிகட்டிப் பறக்கிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் நடுவே தங்கும் அந்நியரை உங்களில் ஒருவராக நடத்துங்கள், நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தவர்களே என்ற கருத்தில் லேவியர் நூல் 19ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. அதை நாம் வெளிநாட்டவருக்கு என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம். உங்கள் பிரிவில் நேற்றுச் சேர்ந்த ஐம்பது வயதுக்காரரும் அந்நியர்தான். அவருக்கு வேலை கற்றுக் கொடுப்பதற்கு முன் கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். மத்தியானம் உங்கள் மேசையில் இடம் போடுங்கள். அவர் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நம் ஃபிட்டர் வேலையை விடவில்லை. ஐந்தாவது மாதம் ஆகிறது. ஐ.டி. கார்டு வந்துவிட்டது, ஆனால் படத்தில் முகம் சரியில்லை என்று மனைவிக்குக் குறை. காலையில் நெடுஞ்சாலையில் பழைய கம்பெனியின் வாசலைத் தாண்டித்தான் புதிய இடத்துக்குப் போக வேண்டும். இன்னும் அந்த இடம் வந்தால் வண்டியின் வேகம் தானாகக் குறைகிறது என்கிறார்.

அடுத்த மாதம் முதல், முதல் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு எங்கள் பங்கு அலுவலகத்தில், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற நம் பங்குக்காரர் ஒருவர் உட்கார இசைந்திருக்கிறார். வேலை மாறியவர்கள், மாறப்போகிறவர்கள் செட்டில்மென்ட் கடிதம், பி.எஃப். தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரலாம். தாள்கள் இல்லாவிட்டாலும் சும்மா வந்து உட்கார்ந்து பேசலாம், நானும் இருப்பேன். எந்த மதத்தவரும் வரலாம். டீ உண்டு. சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் முதல் தடவை சொல்லிவிடுங்கள்.